இரண்டு சுற்று

ஒன்பது ஐம்பது மினி பஸ் வந்து போய்விட்டது. அதில் பஞ்சவர்ணம் இல்லை. இறங்கியது மூன்று பேர்தான், மூன்று பேரையும் சவரிராயன் எண்ணிவிட்டார். இருந்தும் பஸ் கிளப்பிய புழுதி அடங்கும்வரை கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார், புழுதிக்குள்ளிருந்து நாலாவதாக ஒருத்தி வெளிப்பட்டுவிடுவாள் என்பதைப் போல. யாரும் வெளிப்படவில்லை. இனி பத்து இருபத்தைந்துக்கு டவுன் பஸ். அது பெரும்பாலும் ஒரு நிமிஷம் பிந்தித்தான் வரும். செய்முறைத் தேர்வு பத்து மணிக்கு. பத்தரைக்குள் உள்ளே வந்து கையெழுத்துப் போடாதவர் தேர்வுக்கு வராதவர். அந்த விதியைக் கல்லூரிக் கையேட்டில் எழுதி வைத்தவரே அவர்தான், நாலாம் பக்கத்தில், தடித்த எழுத்தில். அப்போது அந்த வரி எத்தனை கம்பீரமாக இருந்தது. இப்போது கேட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அறுபத்தோரு வயதில், ஒரு சமுதாயக் கல்லூரியின் முதல் முதல்வர், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணைப் பெற்றவன் மாதிரி நிற்கிறார். வராவிட்டால் ஒரு வருஷம் போகும். ஒரு வருஷம்தானே என்று சொல்லலாம், பதினெட்டு வயதுக்காரியிடம் சொல்லலாம். முப்பத்தாறு வயதில், நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, பஞ்சுத் தூசியை இருமிக்கொண்டே நோயாளிப் பராமரிப்பு படிக்க வந்தவளுக்கு இன்னொரு வருஷம் என்று ஒன்று கிடையாது. அவள் வீட்டில் அதை யாரும் தரப்போவதில்லை. இன்றைக்கு வந்தால் சான்றிதழ் உண்டு, நர்சிங் ஹோமில் பகல் வேலை உண்டு. வராவிட்டால் ஆலைதான், கடைசிவரை. அதற்குக் காரணம் இன்னார் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு விரல். அவ்வளவுதான் அவர் செய்தது. போன வியாழக்கிழமை காலை இதே கேட்டில் நின்றுகொண்டிருந்தார், ஒன்பதரைக்குக் கேட்டைச் சாத்துவது அவர் வழக்கம், ஒன்பது நாற்பதுக்கு அவள் மூச்சிரைக்க வந்தாள். அவர் அந்த நேரம் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். எதை என்று அன்றிலிருந்து தேடிப் பார்க்கிறார், கிடைக்கவில்லை, கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி வாங்குவதாக இருக்கலாம், மனைவி லூர்து ஓசூரிலிருந்து பேசியதாக இருக்கலாம். கண் அவளைப் பார்த்தது, கை தானாக உயர்ந்தது, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நிமிர்ந்தன. இருபத்தாறு வருஷம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்த கை அது. விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு யார் பிந்தி வந்தாலும் அந்தக் கை பேசும், வாய் பேசாது. ஒரு விரல் என்றால் ஒரு சுற்று, இரண்டு என்றால் இரண்டு, முழுக்கை என்றால் ஐந்து. யாரும் ஏன் என்று கேட்டதில்லை, அவரும் ஏன் பிந்தினாய் என்று கேட்டதில்லை. கேட்பதற்கு நேரமில்லை, ஓடுவதற்குத்தான் நேரம் என்று அதற்கொரு வசனம்கூட வைத்திருந்தார். அந்தக் கை ஓய்வு பெற்றது என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. பஞ்சவர்ணம் விரல்களைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு பையைக் கேட்டோரம் வைத்தாள், செருப்பைக் கழற்றிப் பைக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அப்போதாவது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் ஓடத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. விளங்கிய பின்னும் ஒரு சத்தம் போட்டிருக்கலாம், ஏம்மா நில்லு என்று. அவர் போடவில்லை. அங்கேதான் முள் குத்தி நிற்கிறது. அதைத் தாண்டி நினைப்பு நகர மாட்டேன் என்கிறது.

வெயில் ஏறிவிட்டது. பஞ்சு பிரிக்கும் பழைய ஜின்னிங் ஆலையின் சரக்குக் கிட்டங்கியைத்தான் கல்லூரியாக மாற்றியிருந்தார்கள், தகரக் கூரை இந்நேரத்துக்கே முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். உள்ளே முதல் செட்டின் இருபத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேர் வெள்ளைக் கோட்டுடன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். துணிப் பொம்மை நோயாளி ஒன்று கட்டிலில் கிடக்கும். அதை நோகாமல் புரட்டிப் படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும், புண்ணுக்குக் கட்டுப்போட வேண்டும், உடன் படிப்பவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பஞ்சவர்ணத்துக்கு இதெல்லாம் பரீட்சையே இல்லை. படுக்கையில் விழுந்த மாமியாரை ஆறு வருஷம் புரட்டியவள். அவளிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது சார் என்று சிரோன்மணி சிஸ்டர், பெரியாஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், வேறு யாரையும் லேசில் புகழாதவர், சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவள் எதற்காக ஓடினாள்? ஒரு சின்னப் பெண் என்றால் பயத்தில் ஓடும். மில்லில் மேஸ்திரியையே நாலு வார்த்தை கேட்டவள் என்று பேர் வாங்கியவள் எதற்காகச் செருப்பைக் கழற்றினாள்? அதற்கான பதில் அவருக்குத் தெரியும், சிஸ்டர்தான் சொன்னார். ஓடி முடித்து வகுப்புக்குள் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பஞ்சவர்ணம் சிஸ்டரிடம் சொன்னாளாம்: காலேஜுன்னா இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன் சிஸ்டர். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த வாக்கியத்தை அவர் ராத்திரி பகலாக எடுத்துப் பார்க்கிறார், திருப்பி வைக்கிறார். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. உள்ளே என்ன நடக்குமோ, எதற்கு எழுந்து நிற்க வேண்டுமோ, எதற்குக் கை உயர்த்த வேண்டுமோ என்று ஒவ்வொன்றையும் முன்னால் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் அவர்கள். அவரும் அப்படி வந்தவர்தான். பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளரித் துண்டுகள் வைத்த தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்கள், அது எல்லோருக்கும் பொது என்று தெரியாமல் முழுத் தட்டையும் தின்று தீர்த்தார். யாரும் சொல்லவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருஷம் ஆகியும் வெள்ளரிக்காய் அவருக்கு இறங்காது. அது தெரிந்தவர் விரலை நீட்டினார்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அவள் வெறும் விரலைப் பார்த்து ஓடவில்லை. அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று அவருடைய வாயாலேயே அவளுக்குப் பாடம் நடந்திருந்தது. கல்லூரித் திறப்பு விழாவில் மேடையில் நின்று குருவம்மா கதையைச் சொன்னார். எந்த மேடையானாலும் சொல்கிற கதை. குருவம்மா என்று ஒரு பிள்ளை, எண்ணூறு மீட்டர் ஓடும், ஒருநாள் பிந்தி வந்தாள், நான் ஐந்து விரலைக் காட்டிவிட்டுத் தலைமையாசிரியர் கூப்பிட்டாரென்று போய்விட்டேன், கூட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்க்கிறேன், பிள்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள், ஏம்மா என்றால் எண்ணிக்கை விட்டுப்போச்சு சார், நீங்க வந்து நிறுத்தினாத்தான் நிப்பேன் என்கிறாள். அந்தக் கட்டுப்பாடு இருந்தால் நீங்களும் ஜெயிப்பீர்கள் என்று முடித்தார். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. அந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில், புதிதாகச் சேர்ந்தவர்களோடு, பஞ்சவர்ணமும் உட்கார்ந்து கைதட்டினாள். அவள் கைதட்டியதை அவர் பார்க்கவில்லை, ஆனால் இப்போது தெளிவாகத் தெரிகிறது, வளையல் சத்தம்கூடக் கேட்கிறது. எத்தனை மேடையில் சொல்லியிருப்பார், முப்பது இருக்குமா, நாற்பதா. ஒரு மேடையிலாவது அந்தப் பிள்ளை அன்றைக்குக் கடைசியில் எப்படி இருந்தாள் என்று சொன்னாரா. உதடு வெள்ளையாகியிருந்தது. கால் நின்ற பிறகும் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அவர் முதுகில் தட்டி, சபாஷ், போய்த் தண்ணி குடி என்றார். அவள் மறு வாரத்திலிருந்து மைதானத்துக்கு வரவில்லை. கல்யாணம் பேசிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். சரி, கல்யாணம் பேசியிருப்பார்கள். அதனால்தான் வரவில்லை. அதனால்தான் என்று இத்தனை வருஷமாக அவர் எதற்காகத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது?

கழுத்துப் பட்டையில் வியர்வை ஊறியது. பத்து ஆறு. தேர்வு ஆரம்பித்திருக்கும். மணி அடித்த சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா? கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்ணும் கூடவே பார்க்கும். அது மணிக்கட்டில்தான் இருக்கிறது, கடிகாரத்தின் நினைவில், இடது பொத்தானை இரண்டு தடவை அமுக்கினால் வரும். இரண்டு நிமிஷம் நாலு விநாடி. ஆமாம், அளந்தார். அவள் முதல் வளைவைத் திரும்பும்போது கட்டைவிரல் தானாகப் பொத்தானை அமுக்கியது, தொடக்கத்தில் போன விநாடிகளை மனம் கூட்டிக்கொண்டது. இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, பங்குச் சாமியாரிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. சேலையில், வெறுங்காலில், பயிற்சி என்றால் என்னவென்று அறியாத முப்பத்தாறு வயது உடம்பு, கிட்டங்கிக்கு முன்னால் உள்ள வெளியில் இருநூறு மீட்டர் வட்டத்தில் இரண்டு சுற்று. அவள் ஓட்டம் அழகாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது? தோள் இறங்கியிருந்தது, தலை ஆடவில்லை, பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும் எடுத்தது. இந்த உடம்பை ஒரு பதினான்கு வயதில் என் கையில் கொடுத்திருந்தால் என்று அவருக்குள் ஒருவன் பேராசையோடு கணக்குப் போட்டான். அவன்தான் சத்தம் போட விடவில்லை. நிறுத்து என்று சொல்ல வேண்டிய வாய் இரண்டாம் சுற்றின் நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் செல்போன் பழுது பார்க்கும் வகுப்பின் ஜன்னலில் நாலு தலைகள் முளைத்திருந்தன, ஒருவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அதை அவர் கவனிக்கவில்லை. பதினோரு விநாடிப் படம். பின்னால் தவில் நாதஸ்வரம் சேர்த்திருந்தார்கள். மறுநாள் காலை அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மினி பஸ் கண்டக்டர், என்னக்கா, மெடலை எங்க காணோம் என்று கேட்டானாம். அவளுடைய மகள் பத்தாம் வகுப்பு. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டது. எடுத்தவனைக் கண்டுபிடித்து அழிக்க வைத்தார், ஒரு வாரம் வகுப்புக்கு வராதே என்றார். அவனைத் தண்டிக்கும்போது தன் குரல் எவ்வளவு உறுதியாக இருந்தது என்று பிற்பாடு அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வாசலில் நின்றார், கழற்றினால் உட்காரச் சொல்வார்கள், உட்கார்ந்தால் பேச வேண்டும் என்ற பயமோ என்னவோ. புருஷன்காரன் டெம்போவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்தவில்லை. "வாங்க சார்," என்றான். "அடுத்த போட்டிக்கு ஆள் எடுக்க வந்தீங்களா? வீட்ல எங்கம்மா படமா தொங்குது, எம்மக இருக்கு, நான் இருக்கேன். யார் ஓடணும், சொல்லுங்க." மரியாதையாகவே சொன்னான், சார் சார் என்று சொன்னான், அதுதான் தாங்கவில்லை. புதன்கிழமை செய்முறைத் தேர்வு இருக்கிறது என்று மட்டும் இவர் சொன்னார். வருத்தப்படுகிறேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, அது அவளாக இருக்கும், அவள் காதில் விழட்டும் என்று தேர்வு நேரத்தைச் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார். பத்து மணி, பத்தரைக்கு மேல் அனுமதி இல்லை. அப்போதும் விதியைத்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்கப் போனவன் கையேட்டை வாசித்துவிட்டு வந்தான். வண்டியை எடுத்துத் திரும்பும்போது வழிநெடுக அவர் வாய் முணுமுணுத்தது, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று விதவிதமாக. தெரியாம நடந்துபோச்சும்மா. தெரியாம இல்லை. பழக்க தோஷம்மா. அது நாய்க்குச் சொல்வது. என்னை உன் அண்ணன் மாதிரி நினைச்சுக்க. சீ. அன்று ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம்போல லூர்து போன் செய்தாள். பேத்திக்கு முதல் பல் முளைத்ததைச் சொன்னாள், எட்டு மாசமாகிவிட்டது அவள் ஓசூர் போய், மகளின் பேறுகாலத்துக்கென்று போனவள். மகளுக்கு வேலை, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று மாசம் மாசமாகத் தங்கிவிட்டாள். சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றார். வேற என்னங்க என்றாள். வேற ஒண்ணுமில்ல என்றார். போனை வைத்த பிறகு அடுப்படியில் போய் நின்றுகொண்டு, வேற என்ன, வேற என்ன என்று சுவருக்குச் சொன்னார்.

"சார், உள்ள வாங்க. வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க?" சிரோன்மணி சிஸ்டர் கிட்டங்கிப் படியில் நின்று கூப்பிட்டார். முதல் அணி முடிந்துவிட்டதாம், எக்ஸாமினர் அம்மா நல்ல மாதிரியாம், பிள்ளைகள் பயப்படாமல் செய்கிறார்களாம். சவரிராயன் அங்கிருந்தே, பஞ்சவர்ணம் வீட்டுப் பக்கம் நீங்கள் ஏதும் போனீர்களா என்று கேட்க வாயெடுத்தார், சிஸ்டர் முந்திக்கொண்டு, வர்றவ வருவா சார் என்றார், உள்ள வேலை கிடக்கு என்று போயும்விட்டார். வர்றவ வருவா. ஆறுதலுக்குச் சொல்வது. இந்த மாதிரித்தான் இப்போது எல்லோரும் அவரிடம் பேசுகிறார்கள், ஒரு வாக்கியம், அதற்குப் பிறகு ஒரு வேலை. மைதானத்தில் இருந்தபோது இப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டார். அங்கே பிள்ளைகள் சுற்றி மொய்த்துக்கொண்டு கிடக்கும், வேர்வை நாற்றத்தோடு, அவித்த கடலையைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டு. இங்கே வாசலில் பெயர்ப்பலகை, அறைக்குள் பெரிய நாற்காலி. அவர் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது, வெளியே வந்தால் தொடங்குகிறது. அலுவலகத்து டெய்சி எல்லோருக்கும் டீயை டம்ளரில் கொடுத்துவிட்டு அவருக்கு மட்டும் தட்டு போட்டுக் கப்பில் கொண்டுவந்து மூடியும் போட்டு வைக்கிறாள். மூடியை எடுக்கும்போது அவர் மட்டும்தான் அந்த அறையில் இருப்பார். ஆனால் மைதானத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? நிஜமாகவே மொய்த்தார்களா, இல்லை அவர் கூப்பிட்டதால் வந்து நின்றார்களா? இருபத்தாறு வருஷத்துப் பிள்ளைகளில் இன்றைக்குப் போன் செய்கிறவர்கள் எத்தனை பேர்? ஆசிரியர் தினத்துக்கு இரண்டு பேர் பூங்கொத்துப் படம் அனுப்புகிறார்கள். அவர்களும் ஆண் பிள்ளைகள். ஒருத்தியாவது? டிரஸ்டுக்காரர்கள் இந்தப் பதவியைக் கொடுக்க வந்தபோது, மாஸ்டர், உங்கள் கட்டுப்பாடுதான் எங்களுக்கு வேண்டும் என்றார்கள். படிப்பை விட்டவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், குழந்தை குட்டியோடு வருகிறவர்கள், இவர்களை ஒழுங்குபடுத்த ஓர் ஆள். ஒழுங்கு. அந்தப் பிள்ளைகளெல்லாம் பொழுது விடியுமுன்னே எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். அவர்களிடம் இல்லாத எந்த ஒழுங்கை அவர் கொடுக்கப்போகிறார் என்று அன்றைக்கே ஒருவர் கேட்டிருந்தால்.

பத்து இருபது. பத்து இருபத்திரண்டு. வராவிட்டால் நாளைக்கே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். உடல்நிலை காரணமாக என்று எழுதலாம். ஓசூருக்குப் போகலாம், பேத்தியை வைத்துக்கொண்டு பால்கனியில் நிற்கலாம். லூர்து கேட்பாள், ஏங்க, என்ன ஆச்சு. அவளுக்கு என்ன சொல்வது? கடைசிவரை சொல்லாமலே இருந்துவிடலாம், அவளும் கேட்பதை விட்டுவிடுவாள், அது ஒன்றும் புதிதில்லை. இல்லை, வந்துவிடுவாள். வந்தால் என்ன சொல்வது என்று மறுபடி அடுக்க ஆரம்பித்தார். அம்மா பஞ்சவர்ணம். அம்மா வேண்டாம். பஞ்சவர்ணம், அன்றைக்கு. அன்றைக்கு என்ன? கையும் கண்ணும் செய்த வேலை என்பதா? எனக்கு உன் ஓட்டம் பிடித்திருந்தது என்பதா? அதைச் சொன்னால் செருப்பால் அடிப்பாள், அடிக்கட்டும். டவுன் பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. பத்து இருபத்தாறு.

ஒருத்திதான் இறங்கினாள். கத்தரிப்பூச் சேலை, தோளில் பை, கையில் மடித்த வெள்ளைக் கோட்டு. அது அவள்தான் என்று முகம் தெரிவதற்கு முன்பே தோளைப் பார்த்துச் சொல்லிவிட்டார். உடனே உள்ளே இருந்த கணக்குக்காரன் வேலையைத் தொடங்கிவிட்டான். நிறுத்தத்திலிருந்து கேட் வரை முந்நூற்று இருபது மீட்டர். பஸ்ஸைக் கல்லூரி வாசலில் நிறுத்தச் சொல்லி மனு எழுதும்போது அடியளந்து பார்த்தது. நாலு நிமிஷம் இருக்கிறது. விறுவிறுவென்று நடந்தால் நாலு நிமிஷம் சரியாக இருக்கும், மெல்ல ஓடினால் இரண்டே நிமிஷம். அவள் விறுவிறுவென்று நடக்கவில்லை. ஓடவும் இல்லை. சாதாரணமாக நடந்து வந்தாள், சந்தைக்குப் போய்விட்டு வருகிற மாதிரி, சாலையோரப் புளியமர நிழல்களைப் பார்த்துப் பார்த்து மிதித்துக்கொண்டு. இந்த நடைக்கு ஐந்து நிமிஷம் ஆகும், பத்து முப்பத்தொன்று, ஒரு நிமிஷம் தாண்டிவிடும். அவருக்குத் தொண்டைக்குள் ஒரு சொல் வந்து முட்டியது. வாழ்நாளெல்லாம் சொன்ன சொல். ஓடு. ஓடு பஞ்சவர்ணம். அதைவிட இயற்கையான சொல் அவரிடம் வேறு இல்லை, அதைவிட அன்பான சொல்லும் இல்லை, மனிதர்களுக்கு நல்லது நினைத்தபோதெல்லாம் அவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார். உலகத்தில் எவன் வேண்டுமானாலும் அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்லலாம், டீக்கடைக்காரன் சொல்லலாம், கண்டக்டர் சொல்லலாம், அவர் சொல்லக் கூடாது. பல்லைக் கடித்தார். கையை உயர்த்தி சீக்கிரம் வா என்று காட்டலாமா என்று நினைத்து, கையை நினைத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பாதி தூரத்தில் அவள் நின்றாள். ஒரு புளியமரத்தில் கையை ஊன்றி, செருப்பைக் கழற்றிக் கல்லைத் தட்டினாள். திருப்பிப் போட்டுக்கொண்டாள். இன்னொரு செருப்பையும் கழற்றிப் பார்த்தாள். வேண்டுமென்றேதான் செய்கிறாள். அவள் சொல்வது புரிகிறது, அவருக்குத்தான் சொல்கிறாள், இனி யாருக்காகவும் ஓட மாட்டேன், வருஷம் போனாலும் போகட்டும், நடந்துதான் வருவேன் என்று ஒவ்வோர் அடியாலும் சொல்கிறாள், சரி, சொல்லட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் ஐயோ, அந்த வைராக்கியத்துக்கு இன்றைய நாள்தானா கிடைத்தது. கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன் என்றிருந்தார். பார்த்தார். பத்து முப்பது, பதினாறு விநாடி. அவள் இன்னும் நாற்பது மீட்டரில் இருந்தாள்.

கேட்டை அடைந்தபோது அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. வணக்கம் சார் என்றாள். அவர், மணி தாண்டிவிட்டது, இருந்தாலும் நான் எக்ஸாமினரிடம் பேசுகிறேன், வா, என்று தடுமாறினார். அவள் அவரைப் புரியாமல் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து மககிட்ட, அவுககிட்டல்லாம் பேசறப்பவே, பதினோரு மணிக்குள்ள வந்தாப் போதும்னு சிஸ்டர் சொன்னாங்களே சார். என் நம்பர் பதினேழு, பன்னெண்டுக்கு மேலதான் கூப்பிடுவாங்கன்னாங்க. காலைலேயே பரீட்சைக்கு வந்த அம்மாட்டப் பேசி வச்சிட்டு டெய்சியக்கா போன் பண்ணுச்சு. பதறாம மெதுவா வான்னு." கொஞ்சம் நிறுத்தினாள். "சார்ட்டச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

சொல்லவில்லை. சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார், மகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார், புருஷனைச் சமாதானப்படுத்தியிருக்கிறார், டெய்சிக்குத் தெரியும், எக்ஸாமினருக்குத் தெரியும், உள்ளே இருக்கிற இருபத்திரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய கல்லூரி அவருக்குத் தெரியாமல், அவருடைய விதியைச் சுற்றிக்கொண்டு, நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது. கோபம் வரும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தார். வரவில்லை. அவள் நடந்து வந்தது நேரம் இருந்ததால். செருப்பைத் தட்டியது கல் இருந்ததால். அதில் அவருக்கென்று ஒரு சேதியும் இல்லை. ஆறு நாளாக அவர் அவளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார், அவள் அவரோடு பேசிக்கொண்டிருக்கவில்லை.

"கொஞ்சம் வழி விடுங்க சார்," என்றாள்.

அப்போதுதான் கேட்டின் திறந்த பாதியை அடைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒதுங்கினார். அவள் கடந்து போனாள், கோட்டை உதறிப் போட்டுக்கொண்டே. பத்தடி போயிருப்பாள். அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றும் வரவில்லை, அடுக்காத ஒன்று வந்தது.

"பஞ்சவர்ணம். அன்னைக்கு நான் நிறுத்தியிருக்கணும். பாத்துக்கிட்டே நின்னேன்."

அவள் திரும்பினாள். ஒரு கை கோட்டுக்குள் போயிருந்தது, இன்னொரு கை வெளியே இருந்தது. கோபமாகவும் இல்லை அந்த முகம், இரங்கியும் இல்லை. அவர் சொன்னது சரிதானா என்று யோசித்துப் பார்த்தது.

"ஆமா சார்," என்றாள். இரண்டாவது கையையும் நுழைத்துக்கொண்டு படியேறி உள்ளே போனாள்.

சவரிராயன் வெயிலிலேயே நின்றார். இருபத்தாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவருக்குச் சரி சார் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆமா என்று ஒருவரும் சொன்னதில்லை. உள்ளே ஐந்தாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.